மக்காச்சோளச் சாராயமும் அமெரிக்கக் காரும்

எத்தனாலைப் பத்தி எங்கே பேச்சு வந்தாலும் ரெண்டு கட்சி பிரிஞ்சுடும். "விவசாயிக்கு வருமானம், எண்ணெய் இறக்குமதி மிச்சம், புகை கம்மி" என்று ஒரு கட்சி. "திங்கிற தானியத்தைக் கொண்டுபோய் டேங்க்ல ஊத்துறானுங்க, மைலேஜ் போச்சு, ரப்பர் ட்யூபெல்லாம் போச்சு" என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே இது ஏதோ பத்து இருபது வருஷமா வந்த புதுச் சரக்குன்னு நெனைச்சுப் பேசறதுதான் எனக்குத் தாங்கல. அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு வயசு நூத்தி அறுபதுக்கு மேல. கார் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச சண்டை.

நான் படிச்சது இன்ஜினியரிங், பொழப்பு சாஃப்ட்வேர், வரலாறு எல்லாம் சனி ஞாயிறு வியாதி. கொஞ்ச மாசமா இந்த மக்காச்சோள எத்தனால் கதையைத்தான் தோண்டிட்டு இருக்கேன். தோண்டத் தோண்ட ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சது. இந்த எரிபொருள் தோத்ததும் சரி, ஜெயிச்சதும் சரி, இன்ஜினுக்குள்ள தீர்மானமானது ரொம்பக் கம்மி. வரி ஆபீஸ்லயும் ஓட்டுப் பெட்டியிலயும் தீர்மானமானதுதான் அதிகம். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

கதை விளக்கில் ஆரம்பிக்குது. 1850-களில் அமெரிக்க வீடுகளில் ராத்திரி வெளிச்சத்துக்குத் திமிங்கல எண்ணெய் உசத்தி, விலையும் உசத்தி. கட்டுப்படியாகாத ஜனங்க எரிச்சது சாராயத்தில் டர்பன்டைன் கலந்த ஒரு திரவம். கேம்ஃபீன் என்று பேர். வெளிச்சம் நல்லா வரும், விலையும் மலிவு. கவிழ்ந்தால் வீடே பத்திக்கும், அது வேற விஷயம். அதுக்கும் முன்னாடி, 1826-லேயே சாமுவேல் மோரி என்கிற ஆள் டர்பன்டைன், சாராய ஆவியில் ஓடுற ஒரு இன்ஜின் செஞ்சு காப்புரிமை வாங்கியிருக்கார். பெட்ரோல் இன்ஜினுக்கெல்லாம் அவர் கொள்ளுத் தாத்தா!

1859-ல் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். மண்ணெண்ணெய் சந்தைக்கு வந்தது. அந்தப் போட்டியைச் சந்தையே பார்த்துத் தீர்த்து வெச்சிருக்கும். அதுக்குள்ள உள்நாட்டுப் போர் வந்துடுச்சு. போருக்குக் காசு வேணும். எல்லா அரசாங்கமும் காசு வேணும்னா எங்க கை வைக்குமோ அங்கதான் லிங்கன் அரசாங்கமும் கை வெச்சது. 1862-ல் சாராயத்துக்கு கேலனுக்கு 20 சென்ட் வரி. அது ஏறி ஏறி 1865-ல் 2 டாலர் ஆயிடுச்சு. ஒரு கேலன்னா 3.8 லிட்டர். மண்ணெண்ணெய்க்கும் வரி உண்டு, ஆனா அது இதைவிட ரொம்பக் கம்மி. குடிக்கிற சாராயமா விளக்கில் ஊத்துற சாராயமான்னு சட்டம் பாக்கல. விளக்குச் சாராயத் தொழில் அப்படியே படுத்துடுச்சு. போர் முடிஞ்சும் வரி போகல. (தற்காலிகம்னு போட்ட வரியும், டெம்பரரின்னு எழுதின கோடும் ஒரே சாதி. எடுக்க யாருக்கும் மனசே வராது :-))

1906 வரைக்கும் இந்த நிலைமைதான். அந்த வருஷம் தியோடர் ரூஸ்வெல்ட் ஆதரவோட, குடிக்க முடியாதபடி கெடுக்கப்பட்ட சாராயத்துக்கு, அதாவது நம்ம பெயிண்ட் கடை ஸ்பிரிட் மாதிரி சரக்குக்கு, வரி கிடையாதுன்னு சட்டம் வந்தது. 1907 ஜனவரி 1 முதல் அமல். ஜெர்மனியில் உருளைக்கிழங்குச் சாராயத்தில் பம்பு செட்டும் விளக்கும் ஓடுது, நாமும் மக்காச்சோளத்தில் ஓட்டலாம்னு விவசாயிகள் சந்தோஷப்பட்டாங்க. ஆனா காலம் கடந்துடுச்சு. 1901-லேயே டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் கிணறு பீய்ச்சி அடிச்சாச்சு. பெட்ரோல் தண்ணி மாதிரி கிடைச்சது. சாராயம் நாப்பத்தி நாலு வருஷம் வெளிய நின்ன நேரத்துல எண்ணெய்க்காரன் டேங்கர், கிடங்கு, பீப்பாய் கடைன்னு ஊர் ஊரா வேர் விட்டுட்டான். பத்தாததுக்கு 1920-ல் மதுவிலக்கு வேற.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற இடத்துக்கு வர்றேன்.

1910-களின் கடைசியில் கார் கம்பெனிகளுக்கு ஒரே தலைவலி, நாக்கிங். இன்ஜினில் காற்றையும் பெட்ரோலையும் நல்லா அமுக்கினா அதிக சக்தி கிடைக்கும். ஆனா அன்னிக்கு இருந்த மட்டமான பெட்ரோல், பிளக் பொறி தட்டி ஒழுங்கா எரிஞ்சு பரவுறதுக்குள்ள ஒரு மூலையில் தானாவே வெடிச்சுடும். டொக்கு டொக்குன்னு சத்தம், பிஸ்டன் காலி. ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் இந்தப் பிரச்சினையைத் தாமஸ் மிட்ஜ்லி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியரிடம் கொடுத்தார். மிட்ஜ்லி அயோடின், அனிலின், டெல்லூரியம்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் போட்டுப் பார்த்தார். டெல்லூரியம் வேலை செஞ்சது, ஆனா வேலை பாக்கிற ஆளே பூண்டு நாத்தம் அடிப்பான். எத்தனாலும் வேலை செஞ்சது. பிரமாதமாவே செஞ்சது. 1921 அக்டோபரில் 30 சதவீத ஆல்கஹால் கலவையில் ஒரு காரை ஓட்டிக்கொண்டுபோய் இன்ஜினியர்கள் மாநாட்டிலேயே மிட்ஜ்லி பேசினார்.

ரெண்டே மாசம். 1921 டிசம்பர் 9-ம் தேதி டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஒரு கேலனுக்கு ஒரு டீஸ்பூன்கூட வேண்டாம், நாக்கிங் போயே போச்சு.

இப்ப கம்பெனி முதலாளி இடத்துல உக்காந்து யோசிச்சுப் பாருங்க. எத்தனாலை எவன் வேணா காய்ச்சலாம், காப்புரிமை வாங்க முடியாது. பத்து, இருபது சதவீதம் கலக்கணும்னா எண்ணெய்க் கம்பெனி தன் வியாபாரத்துல அவ்வளவையும் விவசாயிக்கு விட்டுக் கொடுக்கணும். மதுவிலக்கு நேரத்துல சாராயம் வெச்சிருந்தா அதிகாரி தொல்லை வேற. ஈயத்துக்கோ காப்புரிமை உண்டு, ஒவ்வொரு கேலனுக்கும் காசு வரும். ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து 1924-ல் தனிக் கம்பெனியே ஆரம்பிச்சாங்க. சரக்குக்குப் பேர் 'எத்தில்'. ஈயம் என்ற வார்த்தையே வராது, கவனிச்சீங்களா?

அது விஷம்னு அப்பவே தெரியும். மிட்ஜ்லியே 1923-ல் ஈய நஞ்சு ஏறி உடம்பு தேற ஃப்ளோரிடா போனவர். 1924 அக்டோபரில் நியூஜெர்சி பேவே ஆலையில் இந்தச் சரக்கைத் தயாரிச்ச தொழிலாளிகள் புத்தி பேதலிச்சு, வலிப்பு வந்து, அஞ்சு பேர் செத்தாங்க. அந்த மாசக் கடைசியில் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, மிட்ஜ்லி அந்தத் திரவத்தைக் கையில் ஊத்திக் கழுவி, முகர்ந்தும் காட்டினார். 1925 மே மாதம் வாஷிங்டனில் விசாரணைக் கூட்டம். ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் இது ஊரையே பாதிக்கும், வேற வழி தேடுங்கன்னு எச்சரிச்சார். கெட்டரிங் தரப்பு வேற வழியே இல்லைன்னு சாதிச்சது. நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்களே ஓட்டிக் காட்டின ஆல்கஹால் காரை அந்தக் கூட்டத்தில் அவங்க பெருமையா எடுத்துச் சொல்லல. 1926-ல் அரசுக் குழு தடை போட ஆதாரம் போதாதுன்னு சொல்லிடுச்சு. வியாபாரம் திரும்ப ஆரம்பம்.

அப்புறம் என்ன, மூணு தலைமுறைக் குழந்தைங்க ரத்தத்துல ஈயம். அமெரிக்கா சாலை வாகனங்களுக்கு முழுசா நிறுத்தினது 1996-ல். இந்தியா 2000-ல். உலகத்துல கடைசியா அல்ஜீரியா 2021-ல். அன்னிக்கு எத்தனாலை எடுத்திருந்தா எல்லாம் சொர்க்கமா இருந்திருக்கும்னு நான் சொல்ல வரல. நாட்டுக்கே போதுமான சாராயம் காய்ச்ச அப்ப ஆலையும் கிடையாது, விலையும் கட்டாது. ஆனா எத்தனாலோட வரவு செலவு கணக்கு எழுதும்போது இந்த வரியை விட்டுட்டு எழுதுறது நியாயமில்லை.

1930-கள் சீக்கிரம் சொல்லிடறேன். பொருளாதார வீழ்ச்சியில் மக்காச்சோள விலை அதலபாதாளத்துக்குப் போச்சு. அயோவா, நெப்ராஸ்கா விவசாயிகள் நிலக்கரியை விட மலிவுன்னு சோளத்தையே அடுப்பில் போட்டு எரிச்சாங்க. அந்த வயித்தெரிச்சலில் பிறந்ததுதான் அக்ரோல். கான்சாஸ் மாநிலம் அட்சிசன் ஊரில் 1936-ல் ஆலை போட்டு, சாராயம் கலந்த பெட்ரோலை மத்திய மேற்கு மாநில பங்குகளில் வித்தாங்க. பெட்ரோலோட விலையில் போட்டி போட முடியல, எண்ணெய்க் கம்பெனிகளும் சும்மா இருக்கல. ரெண்டு வருஷத்துல ஆலை மூடிட்டாங்க.

அடுத்த வாய்ப்பு, நம்ம ஆளுங்க பால்மரம் வெட்டின மலாயாவால வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்னு போச்சு. (அந்தத் தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேரை சயாம் மரண ரயிலுக்கு இழுத்துட்டுப் போனான், அது தனிக்கதை.) செயற்கை ரப்பருக்கு பியூட்டாடயீன் வேணும். ஆரம்பத்துல அதுல பெரும்பகுதி தானியச் சாராயத்திலிருந்துதான் வந்தது. போர் முடிஞ்சதும் திரும்பவும் எண்ணெய்தான். எத்தனால் வீட்டுக்கு.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தினதும் பழைய கதை மறுபடி உயிர் பெற்றது. இந்தத் தடவை கூடவே ஒரு பெரிய கை. இல்லினாய் மாநிலம் டிகேட்டர் ஊரின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் கம்பெனியும் அதன் தலைவர் டுவைன் ஆண்ட்ரியாஸும். ரெண்டு கட்சிக்கும் தாராளமா நன்கொடை கொடுக்கிற மனுஷன். 1972-ல் அவர் நிக்சன் தேர்தலுக்குக் கொடுத்த 25,000 டாலர்தான் சுத்தி வளைச்சு வாட்டர்கேட் திருடன் ஒருத்தன் வங்கிக் கணக்குல போய் உக்காந்தது! 1978-ல் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரி விலக்கு வந்தது. பத்து சதவீதம் கலந்தா கேலனுக்கு 4 சென்ட், அதாவது எத்தனாலுக்கு கேலனுக்கு 40 சென்ட். 1980-ல் பிரேசில் கரும்பு எத்தனால் உள்ள வராம இருக்க இறக்குமதி வரி. அதே 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் விவகாரத்துக்காக கார்ட்டர் சோவியத்துக்குத் தானியம் விக்கிறதை நிறுத்தினார். தேங்கின சோளத்துக்கு ஒரு போக்கிடம் வேணும். எத்தனால் ஆலை அதுக்குத் தோதா அமைஞ்சது. 1986-ல் எண்ணெய் விலை சரிஞ்சதும் மானியம் இருந்தும்கூட பல ஆலைகள் படுத்துட்டது.

தப்பிச்சதுக்குக் காரணம் திரும்பவும் நாக்கிங்தான். ஈயத்தை எடுத்ததும் அந்த இடத்துக்கு வேற சரக்கு வேணும். பென்சீன் வகையறாக்களைக் கூட்டினாங்க, அதில் புற்றுநோய் பயம். எம்டிபிஇ என்ற ரசாயனத்தைக் கலந்தாங்க, அது கசிஞ்சு நிலத்தடி நீரில் இறங்கிடுச்சு. 1996-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளையே மூட வேண்டியதாச்சு. ஒவ்வொரு மாநிலமா அதைத் தடை பண்ணவும், மிச்சம் நின்னது எத்தனால் ஒண்ணுதான். எண்பது வருஷம் சுத்தி, மிட்ஜ்லி காரை ஓட்டின இடத்துக்கே வந்து சேர்ந்தாங்க.

அதோட நிறுத்தியிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. 2005 சட்டம் 2012-க்குள்ள 750 கோடி கேலன் கலக்கணும்னு சொன்னது. 2007-ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம் அதை 2022-க்குள்ள 3,600 கோடி கேலன்னு ஏத்திடுச்சு. அதுல சோளத்துக்கு அதிகபட்சம் 1,500 கோடி. பாக்கியில் பெரும்பங்கு புல்லு, தட்டை, மரத்தூள் மாதிரி செல்லுலோஸில் இருந்து வரும்னு கணக்கு. 2010-க்கு அதில் 10 கோடி கேலன் இலக்கு. நடக்காதுன்னு தெரிஞ்சதும் 65 லட்சமா குறைச்சாங்க. அதுவும் தேறல. ஆலையே இல்லாத எரிபொருளுக்குச் சட்டத்துல தேதி குறிச்சாங்க. எங்க ஃபீல்டுல கஸ்டமர்கிட்ட சேல்ஸ் ஆளுங்க கொடுக்கிற டெட்லைனை நினைச்சுக்கிட்டேன்.

சோளப் பக்கம் மட்டும் ஜாம் ஜாம்னு ஓடுச்சு. 2000-ல் அமெரிக்க மக்காச்சோளத்தில் 6 சதவீதம் போல எத்தனாலுக்குப் போச்சு. பத்தே வருஷத்தில் 40 சதவீதம். ஒரு புஷல், அதாவது 25 கிலோ சோளம், 2006 வரை 2 டாலர் சுத்தி இருந்தது. 2008-ல் 7 டாலரைத் தாண்டி, வறட்சி வந்த 2012-ல் 8 டாலரையும் தொட்டது. 2007 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில் டோர்ட்டியா விலை ஏறிடுச்சுன்னு பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனாங்க. அவங்க சாப்பிடறது வெள்ளைச் சோளம், எத்தனாலுக்குப் போறது மஞ்சள் சோளம், பதுக்கல்காரன் கைவரிசையும் உண்டு என்பது உண்மைதான். ஆனா இதுல ஒரு கொடுமை இருக்கு. 1994 வணிக ஒப்பந்தத்துக்கு அப்புறம் அமெரிக்கச் சோளம் மலிவா வந்து இறங்கித்தான் மெக்சிகோ சிறு விவசாயி நொடிச்சுப் போனான். பல பேர் நிலத்தை விட்டுட்டு நகரத்துக்கு வந்தாங்க. அங்க வந்து உக்காந்தப்புறம் விலை ஏறுது. மலிவிலும் அடி, ஏத்தத்திலும் அடி.

ஒரு புஷலுக்கு 10.6 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஒரு பெரிய வண்டியோட 95 லிட்டர் டேங்கை முழுசா எத்தனாலில் நிரப்பணும்னா 9 புஷல், 225 கிலோ சோளம் வேணும். இதைச் சொல்லி நிறுத்திட்டா அது பாதிப் பொய். புளிக்கிறது மாவுச்சத்து மட்டும்தான். புரதமும் கொழுப்பும் சக்கையில் நிக்கும், புஷலுக்கு ஏழு கிலோ அளவுக்கு. அது மாட்டுக்கும் கோழிக்கும் நல்ல தீவனம். ஆக மூணுல ஒரு பங்கு திரும்பி வந்துடும்னு வெச்சுக்கலாம். இன்னொரு பக்கம், எத்தனாலில் பெட்ரோலோட மூணுல ரெண்டு பங்கு சக்திதான். பத்து சதவீதக் கலவைக்கு மைலேஜ் 3 சதவீதம் குறையும். தண்ணியை உறிஞ்சும் என்பதால் பெட்ரோல் குழாய்வழியில் அனுப்பறதும் கஷ்டம், ரயில் டேங்கரில் போகணும்.

போட்டதுக்கு மேல கிடைக்குதா? கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிமென்டல் கிடைக்கவே இல்லைன்னு கடைசி வரை சொன்னார். அமெரிக்க வேளாண் துறை 2002-ல் போட்ட கணக்கு, ஒண்ணு போட்டா 1.34 வரும்னு சொல்லிச்சு. இன்னிக்கு ஆலைகள் முன்னேறிடுச்சு, லாபக் கணக்குதான் சரின்னு எனக்கும் படுது. ஆனா லாபம் ரொம்பச் சன்னம். உரத்துக்கும் காய்ச்சலுக்கும் போறது இயற்கை எரிவாயு. அதாவது எரிவாயுவைச் சோள வயல் வழியா சுத்த விட்டு டேங்க்ல ஊத்துற திரவமா மாத்தறாங்க. கார்பன் கணக்கிலும் இதே இழுபறி. 2022-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டைலர் லார்க் குழு, புதுசா உழுத புல்வெளியையும் கூடுதல் உரத்தையும் சேர்த்தா பெட்ரோலை விட 24 சதவீதம் மோசமாகவே இருக்கலாம்னு எழுதினாங்க. ஆர்கான் ஆய்வுக்கூடத்துக் கணக்கோ 40 சதவீதத்துக்கு மேல் நல்லதுன்னு சொல்லுது. எந்த நிலத்தை யார் கணக்கில் எழுதறதுங்கறதுலதான் அவ்வளவு வித்தியாசமும்.

யாரும் மறுக்காத ஒண்ணு தண்ணி. அயோவா தலைநகர் டி மாயின் குடிநீர் வாரியம் வயல்களில் இருந்து ஆத்துக்கு வர்ற நைட்ரேட்டைச் சுத்தம் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சு போய், 2015-ல் மேல்பக்கத்து மூணு மாவட்டங்கள் மேல் வழக்கு போட்டது. 2017-ல் தள்ளுபடி. 2025 கோடையில் அங்க வீட்டுப் புல்லுக்குத் தண்ணி விடக்கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க. சுத்தம் பண்ற வேகத்துக்கு நைட்ரேட் அடங்கல.

அப்புறம் ஏன் யாரும் தொட மாட்டேங்கறாங்க? அதே அயோவாதான். 1972-ல் தொடங்கி அதிபர் தேர்தல் வேட்பாளர்கள் முதல்ல போய் ஓட்டு கேட்ட ஊர் அது. அங்க எத்தனாலைத் திட்டினா கதை முடிஞ்சது. 1994-ல் செனட்டில் சரிசமமா நின்ன ஓட்டெடுப்பில் எத்தனாலுக்கு ஆதரவா ஓட்டு போட்டவர் துணை அதிபர் அல் கோர். 2010-ல் அவரே, அது நல்ல கொள்கை இல்லை, அயோவா விவசாயிகள் மேல் எனக்கு இருந்த தனிப் பிரியமும் ஒரு காரணம், அப்ப அதிபர் தேர்தலுக்கு நிக்கிற எண்ணத்துல இருந்தேன்னு ஒத்துக்கிட்டார். மானியமும் இறக்குமதி வரியும் 2011 கடைசியில் காலாவதி ஆயிடுச்சு. ஒண்ணும் குடி முழுகல. கட்டாயக் கலப்புச் சட்டம் இருக்கே! 2024-ல் உற்பத்தி 1,600 கோடி கேலனைத் தாண்டிச்சு.

என் கட்சி எதுன்னு கேப்பீங்க. ஈயத்துக்கும் எம்டிபிஇ-க்கும் பதிலா நாக்கிங்கை அடக்க ஒரு பத்து சதவீதம், அதுக்கு எத்தனாலை விட நல்ல சரக்கு அமெரிக்காவுக்குக் கிடைக்கல. அதுக்கு மேல ஒவ்வொரு சதவீதமும் சோள விலையைத் தூக்கிப் பிடிக்கப் போட்ட முட்டு. அதை எரிபொருள் கொள்கைன்னு சொல்றது எனக்கு ஒப்பல.

இந்தச் சோள ரூட்டு நம்ம ஊருக்கும் வந்தாச்சு. 2023 டிசம்பரில் கரும்பு விளைச்சல் பயத்தில் கரும்புச் சாற்றில் இருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் திரும்பிச்சு. ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த நாடு 2024-ல் மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும் சோளம் வாங்க ஆரம்பிச்சது. மக்காச்சோள விவசாயிக்கு ரொம்ப நாள் கழிச்சு நல்ல விலை, அதை நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா நாமக்கல் கோழித் தீவனத்தில் பெரும்பங்கு இதே சோளம்தான். முட்டை விலை ஏறும்போது தீவனக் கணக்கையும் கொஞ்சம் பாருங்க.

பிரேசில் கரும்புச் சாராயக் கதை முழுக்க வேற ரகம். 1975-ல் ராணுவ ஆட்சியில் ஆரம்பிச்சது. எழுத ஆரம்பிச்சா இதைவிட நீளும், அதனால இன்னொரு வார இறுதிக்கு.